ஒரே அளவு

படங்களில் பேச்சு முணுமுணுப்பாகவும் சண்டை இடியாகவும் கேட்கிறதென்று கோதை சலித்துக்கொண்டதால், மெல்லிய ஒலியை உயர்த்தி, பெரிய ஒலியைத் தணித்து எல்லாவற்றையும் ஒரே அளவாக்கும் கருவியை அவள் காதில் பொருத்திவிட்டிருந்தார் கணவர் தில்லைராசன். இப்போது கணினியில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"கோதை, இங்க வாயேன்." குளியலறையிலிருந்து அவர் குரல் வசனம்போலத் தெளிவாக வந்தது.

"துண்டு கொடியிலதான் கெடக்கு. கண்ண எங்க வச்சிருக்கீங்க?"

"கோதை..."

படத்தில் ஒரு பாட்டு ஓடி முடிந்தபிறகும் அதே குரல், அதே அளவில். கத்துகிறாரா, சும்மா கூப்பிடுகிறாரா? படத்தை நிறுத்திவிட்டுக் கருவியைக் கழற்றினாள்.

வெறுங்காதுக்கு எதுவுமே கேட்கவில்லை. மறுபடி மாட்டினாள்.

"கோதை" என்றார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

அவள் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழிட்டிருந்தது.