துடைத்த வானம்

“அசந்துடுவீங்கக்கா!” என்று ஏணியிலிருந்து குதித்தான் மெக்கானிக் ரஃபீக்.

பூமிக்கடியில், ஜன்னலே இல்லாத அந்த வீட்டுக்குக் கூரைதான் வானம். என்றோ பதிவான வானத்தை, அன்றைய சத்தத்தோடு காட்டும். லேசாக மினுக்குகிறதே என்றுதான் வசுமதி அவனைக் கூப்பிட்டிருந்தாள். தினமும் அவள் போட்டுப் பார்ப்பது ஒரே மாலைப்பொழுதின் வானத்தைத்தான். மகள் நிலானி உயிரோடு இருந்த கடைசி மாலை.

“வெள்ளைவெள்ளையா ஒரே அழுக்குக்கா. வேற எந்த வீட்டு வானத்துலயும் இப்படி இல்ல. அடியோட அழிச்சுட்டேன். இனி தலைகீழா நின்னாலும் திரும்ப வராது!”

பொத்தானைத் தட்டினான். பளிச்சென்று நீலம் விரிந்தது. கூடவே ஒரு மழலைக் குரல் கூவியது.

“அம்மா, அங்க பாரேன்! என் ஆட்டுக்குட்டி ஓடுது!”

வசுமதி வழக்கம்போல் அண்ணாந்து தேடினாள்.

அவள் முகத்தைப் பார்த்த ரஃபீக்கின் குரல் இறங்கியது.

“அது... மேகமாக்கா? நான் பார்த்ததே இல்லக்கா.”