பரணேறிய உப்பு

கணவருக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன அன்றே மரகதவல்லி உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். பால் காய்ச்சிக் குடிவந்தபோது இந்த வீட்டுக்குள் முதலில் வந்ததே அதுதான். கீழே அவள் கணவர் தணிகாசலம், உப்பில்லாச் சோறு இறங்கவில்லை என்று ஊறுகாயை வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

"உனக்குள்ள இருக்கறதும் உப்புதானே, அவங்ககிட்ட சொல்லேன்," என்று பரணிலிருந்து கெஞ்சியது உப்பு ஜாடி.

"என் பேரு ஊறுகாய். டாக்டர் என் பேரைச் சொல்லலையே," என்றது ஊறுகாய் ஜாடி.

ரத்தக்கொதிப்பு ஏறி ஒருநாள் தணிகாசலம் போய்ச் சேர்ந்தார்.

படையலன்று மரகதவல்லி பரணைப் பார்த்துத் திட்டினாள். "பாழாப்போன உப்பு அவரைக் கொண்டுபோயிடுச்சு."

பிறகு இலையில் ஊறுகாயை அள்ளி வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது இல்லாம அவருக்குச் சோறு இறங்காது."