சீராகப் போன டைனிங் டேபிள்

மகள் பவித்ராவுக்குச் சீராகக் கொடுத்த டைனிங் டேபிளை, பாலிஷ் சரியில்லை என்று சம்பந்தி வீட்டார் அவளோடு சேர்த்தே ஜீப்பில் ஏற்றித் திருப்பியனுப்பிவிட்டார்கள். ஏற்காட்டுக் காலைப் பனியில், வாசலில் நிற்கும் அதன்மேல் கந்தசாமி டார்ச்சைச் சாய்த்து அடிக்கிறார். வெளிச்சம் எங்கும் தட்டாமல் பலகையில் வழுக்கிக்கொண்டு போகிறது. உள்ளங்கையால் தடவுகிறார். ஓரத்தில் பிசிறில்லை, இணைப்பில் விரிசலில்லை. படியும் ஈரத்தைத் துண்டால் ஒற்றி ஒற்றிப் பார்த்துவிட்டு, மண்டியிட்டு அடிப்பக்கத்தையும் துழாவுகிறார். ஒரு கீறல் அகப்பட்டால் போதும்; சேலத்துக் கடையில் சண்டை போட்டு வேறு டேபிள் வாங்கி, மகளையும் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்துவிடலாம். “இதுல ஒரு குத்தமும் இல்லையே, கண்ணு,” என்கிறார், டார்ச்சை அணைக்காமலே. பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் பவித்ரா நிமிராமல் சொல்கிறாள்: “எங்கிட்டயும் இல்லீங்கப்பா.”