சில்விக்கு ஓர் அட்டை

மூன்றாவது தபால் அட்டையும் கிழிகிறது. ஏரியில் பட்டுத் திரும்பும் ஜூன் மாத வெயில் சமையலறை மேஜை முழுவதும் ஆடுகிறது. அடுப்பில் காப்பிப் பாத்திரம் மூச்சிரைக்கிறது. இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத, என் மனைவி ஹெல்வியின் அக்கா சில்வியை நடுக்கோடைத் திருநாளுக்கு அழைக்க வேண்டும். ஹெல்வி சொல்கிறாள், நான் எழுதுகிறேன். கையெழுத்து என்னுடையது, வீம்பு அவளுடையது.

“‘நீயும் வா’ன்னா எழுதினே, ஆர்வோ? ஊரையே கூப்பிட்டுட்டுக் கடைசியா அவ ஞாபகம் வந்த மாதிரி இருக்கு.”

“சரி, ‘நீ வா’.”

“அவ என்ன நம்ம வீட்டு நாயா?”

“‘நீ வாயேன்’?”

“நான் கெஞ்சணுமா? அப்பாவோட படகை வித்தது அவளா, நானா?”

“‘இந்தத் தடவையாவது வா’?”

“குத்திக் காட்டணும்னே எழுதுறியா?”

எங்கள் பின்னிஷ் மொழியில் சண்டை முழுவதும் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. ஒன்றை வெட்டினால் இன்னொன்று முளைக்கிறது. நான் பேனாவைப் போட்டுவிடுகிறேன். அது உருண்டு தரையில் விழுகிறது. இருவருமே குனிவதாக இல்லை. மிச்சம் இருப்பது ஒரே அட்டை. ஹெல்வி அதைத் தன் பக்கம் இழுத்து, பென்சிலால் ஒரு வரி எழுதுகிறாள்: ‘சனிக்கிழமை நாலு மணிக்குச் சவுனாக் குளியலறையில் நீராவி தயாராக இருக்கும்.’

“இதுல நீ கூப்பிடவே இல்லையே!”

“ஆவியில உக்காந்து முதுகுல அடிச்சுக்கப் பிர்ச் மரத் தழைக் கட்டோட வந்து நிப்பா, பாரு.”

தபால்தலையை ஒட்டுகிறாள். அதன்மேல் அழுத்திய கட்டைவிரலை எடுக்காமல், என்னைப் பார்க்காமல் கேட்கிறாள்:

“வருவாதானே?”