ஒருவரில் பாதி

"அரை ஆளா? என்னங்க கணக்கு இது? நான் பல் டாக்டர். இன்னைக்கு அரைப் பல் பிடுங்கினேன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?"

மண்டலத் தலைவி கேட்டதும் கூடம் முழுக்கச் சிரிப்பு.

பத்தொன்பது சேவைச் சங்கங்களின் அரையாண்டுக் கூட்டம் அது. சங்கத்துக்கு ஒருவர் மேடையேறி, வருட இலக்கு என்ன, அதில் இதுவரை எவ்வளவு முடிந்தது என்று மூன்று நிமிடத்துக்குள் வாசிக்க வேண்டும். நேரம் தாண்டினால் தலைவி மேஜை மணியைத் தட்டுவார். பாதி இலக்கைத் தொடாத சங்கத்தைப் பக்கத்துச் சங்கத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

எழுநூறு மரக்கன்று நட்டவர்கள் வாசித்துவிட்டுப் போனார்கள். மூவாயிரம் பேருக்குக் கண் பரிசோதனை செய்தவர்கள் கைதட்டலோடு இறங்கினார்கள். கடைசியாக ஏறியவர் சலவைக்கடைக்காரர். இருப்பதிலேயே சின்னதான, மொத்தமே பதினோரு பேர் உள்ள சங்கம் அவருடையது.

கையில் ஒரே ஒரு தாள். அதை மேஜைமேல் விரித்து, துணியில் சுருக்கம் எடுப்பதுபோல் உள்ளங்கையால் வரி வரியாகத் தடவிக்கொண்டே வாசித்தார். 'வணக்கம்' சொல்லி முடிக்கவே ஒரு யுகம் ஆனது. காதோரம் வேர்வை வழிந்தது.

"எங்கள்... இலக்கு... ஒருவர். இதுவரை... முடிந்தது... பாதி."

அங்கேதான் தலைவி குறுக்கிட்டிருந்தார்.

"அண்ணே, மேல் பாதியா, கீழ்ப் பாதியா?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பாவம், கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டார்போல. என்னோடத வேணா போட்டுக்கறீங்களா?" என்றார் முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர்.

சலவைக்கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

தலைவியின் விரல் மணிக்கு மேலேயே நின்றது. தட்டவில்லை. எரிச்சலைவிட, அது என்னதான் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கு அதிகமாகிவிட்டது.

"யாருக்காவது ஆபரேஷனா?"

"இல்லீங்க மேடம்."

"வீடு கட்டித் தர்றீங்களா? பாதிச் சுவர் எழும்பியிருக்கா?"

"அவருக்கு வீடு வாசல் எல்லாம் இருக்குங்க."

"குடிய நிறுத்த வைக்கறீங்களா?"

"ஐயையோ, அதெல்லாம் கிடையாதுங்க. மனுஷன் டீயோட சரி."

"அப்ப என்னதாங்க குறை அந்த ஆளுக்கு?"

"பார்த்தா ஒரு குறையும் தெரியாதுங்க மேடம். நாற்பது வருஷமா ஊரையே ஏமாத்திட்டாரு."

கூடத்தில் சிரிப்பு அடங்கியது. நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன.

"சரி, பதினோரு பேர் ஆறு மாசமா மெனக்கெட்டு..."

"பத்துப் பேருங்க."

"பதினோராவது ஆள் என்ன பண்றாராம்?"

"அவர்தாங்க அந்தப் பத்துப் பேரையும் படுத்தறது."

மூன்றாவது வரிசையில் இருந்த தையல்கார அக்கா எழுந்துவிட்டார். சலவைக்கடைக்காரரின் சங்கத்துக்குத் தலைவி அவர்தான்.

"மேடம், எங்களை மட்டும் பெரிய சங்கத்தோட சேர்த்துடாதீங்க. தினம் சாயங்காலம் எங்கள்ல ஒருத்தர் முறை வச்சு அந்த ஆள்கூட ஒரு மணி நேரம் உட்காருறோம். அங்க போனா இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கும்? பாதியிலயே நின்னு போயிடும் மேடம்."

"உட்காருங்கம்மா. வேண்டாம்னு நான் சொல்லலை. பாதி முடிஞ்சதுன்னு எதை வச்சு நான் எழுதறது? மூணு நிமிஷம் எப்பவோ ஆச்சு." மண்டலத் தலைவி மேடைப் பக்கம் திரும்பினார். "ஐயா, கடைசியா கேக்கறேன். அந்த ஆள் யாரு, அவருக்கு என்ன பண்றீங்க? உங்க தாள்ல எழுதியிருக்கா, இல்லையா?"

"இருக்குங்க மேடம். கீழ இருக்கு."

"அப்ப அத வாசிங்க, முடிஞ்சது!"

சலவைக்கடைக்காரர் தாளைப் பார்த்தார். அவர் உள்ளங்கை அதன் நடுவிலேயே நின்றிருந்தது. மெல்லக் கையை எடுத்து, தாளைச் சரிபாதியாக மடித்து, மடிப்பை நகத்தால் ஒருமுறை அழுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கீழ இருக்கற எழுத்தெல்லாம் எனக்கு இன்னும் வரலைங்க மேடம், வருஷக் கடைசிக்குள்ள வந்துடும்னு அக்கா சொல்லியிருக்காங்க" என்றார். "ஆறு மாசத்துக்கு முன்னாடி, சங்கத்துல சேர்ந்தப்ப, நான் கைநாட்டுங்க."