ஸ்கோவியாவின் ரத்தத்தில் ஒருவன்

"உன் ரத்தத்துல ஆம்பளை செல் எப்படி வந்துச்சு?"

கேட்டார் டாக்டர் ருகுண்டோ. ஸ்கோவியா மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

கம்பாலாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்கள் என்று இருப்பது ரெண்டே பேர். ஒன்று டாக்டர், இன்னொன்று நான். டாக்டரைச் சந்தேகப்பட முடியுமா? எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது.

"என்னை ஏன் பாக்கறீங்க? கொசுவைத் தவிர நான் யாருக்கும் ரத்தம் கொடுத்ததில்லை" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். ரத்தத்தை உண்டாக்கும் தாய்செல்கள் தம் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருக்கும். 'பெருகினது போதும், சிவப்பணுவா மாறு' என்று மரபணுக்களைத் தட்டி எழுப்ப உள்ளேயே ஒரு புரதம் உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பேர் மேஸ்திரி. அந்த மேஸ்திரியை உசுப்பிவிடுகிற மருந்து ஒன்றைத்தான் ஸ்கோவியா தன் சொந்த ரத்தத்தில் சோதித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய டாக்டர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

ஒரே ஆளின் செல் என்றால் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இவள் செல் வளர்த்த தட்டிலோ பாதி செல்கள் சமர்த்தாகப் பெருகுவதை நிறுத்திவிட்டு உருண்டையாகச் சிவந்தன. மீதிப் பாதி மேஸ்திரி பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெருகிக்கொண்டே போயின. அதில் தப்பித் தவறிச் சிவந்தவையும் அரிவாளாக வளைந்தன.

அந்தச் சமர்த்துப் பாதியைச் சோதித்துப் பார்த்தால், அத்தனையும் ஆண்!

"மருந்து வேலை செய்யுதுன்னு காட்டறதுக்கு யாரோட நல்ல ரத்தத்தையோ கலந்துட்டே. அதானே?"

"சத்தியமா இல்லை டாக்டர்."

"அப்ப வானத்துலேருந்து குதிச்சுதா? மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பு. உனக்கு இங்கே இடமில்லை."

"இப்பவே நீங்களே என் கையில குத்தி எடுங்க. நீங்களே வளர்த்துப் பாருங்க. அப்புறம் போகச் சொல்லுங்க, போறேன்."

டாக்டர் எடுத்தார். தானே வளர்த்தார். அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அது வளர்ந்து முடிகிற வரைக்கும், மதியம் எல்லாரும் வாழைக்காய் மசித்த மத்தோக்கே சாப்பிட உட்காரும்போது ஸ்கோவியாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது.

பூட்டைத் திறந்து பார்த்தால், மறுபடியும் பாதிக்குப் பாதி ஆண்.

டாக்டருக்குக் கோபமெல்லாம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டார்.

"உனக்கு எப்பவாவது எலும்பு மஜ்ஜை மாத்தினாங்களா?"

"நான் ஆஸ்பத்திரியில படுத்ததே இல்லை டாக்டர்."

"கூடப் பிறந்தவங்க?"

"ரெண்டு தங்கச்சி."

"இறந்துபோனவங்க?"

"யாரும் சாகலை."

அவள் அதைச் சொன்ன வேகம் எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் நாட்டின் மேற்குப் பக்கத்துக்காரர். நானும் அவளும் கம்பாலாவைச் சுற்றியுள்ள புகாண்டாச் சீமைக்காரர்கள். எங்கள் வீடுகளில் சில பேரைப் பற்றிப் பேசும்போது 'சாவு' என்கிற வார்த்தை வாயில் வரவே கூடாது.

"ஸ்கோவியா, வீட்டுல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

"நகாட்டோ."

இரட்டையரில் இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு வைக்கிற பேர்!

"அப்ப முதல்ல வந்தவன்? பறந்துட்டானா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஆமா. அண்ணன் வாஸ்வா. பிறந்த அன்னிக்கே பறந்துட்டான்."

"பறக்கறதாவது! என்னய்யா பேசிக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"இரட்டைப் பிள்ளை செத்துப்போச்சுன்னு நாங்க சொல்லவே மாட்டோம் டாக்டர். பறந்துட்டான்னுதான் சொல்வோம். 'யாராவது செத்தாங்களா'ன்னு நீங்க கேட்டா, இல்லைன்னுதான் பதில் வரும்."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வயித்துக்குள்ள ரெண்டு பேர் ரத்தக்குழாயும் ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. அவனோட தாய்செல் உன் எலும்புக்குள்ள வந்து குடியேறிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அங்கே இருந்துதான் ரத்தம் சுரந்துக்கிட்டிருக்கு."

"அப்ப வளைஞ்சுபோன பாதி?"

"அதுதாம்மா நீ. உனக்கு இருக்கறது முழு அரிவாள் செல் நோய். அதான் உன் செல் மேஸ்திரி பேச்சைக் கேக்காம பெருகுது, சிவந்தாலும் வளையுது. சின்ன வயசுலேருந்தே வலியில துடிச்சிருக்கணும்."

"எனக்கு ஒண்ணுமே வந்ததில்லையே டாக்டர்!"

"எப்படி வரும்? பாதி ரத்தத்தை உங்கண்ணன் கொடுத்துக்கிட்டிருக்கானே. அதைப்போய்க் கலப்படம்னு சொல்லிட்டேன். மன்னிச்சுடும்மா."

ஸ்கோவியா ஊருக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அழறியா?"

"இல்லைடி. பறந்தவன் எங்கே போய் உக்காந்தானோன்னு இத்தனை வருஷமா வாசல் மரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். உன்கிட்டயேதான் இருந்தானா!"