இரண்டு குரூப்

மார்க்கையன்கோட்டை ஒச்சாண்டியின் செல்போன் ஆள் பார்த்துத்தான் சேதி சொல்லும். சொந்தபந்தத்தை இரண்டு குரூப்பாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால், அந்தக் குரூப் முழுவதற்கும் மெசேஜ் பறந்துவிடும்.

பேத்தியின் காதுகுத்துக்கும் அப்படித்தான் அனுப்பினார். கோயிலில் கிடாக்கறி வெந்து, இலையும் போட்டாயிற்று. பந்தலில் ஈ காக்கை இல்லை.

"உங்க போனு கூப்பிட்ட லட்சணம் இதுதானா?" என்றாள் மனைவி கஸ்தூரியம்மாள். "ஒரு சனத்தையும் காணோமே!"

அப்போது ஒச்சாண்டியின் தம்பி சங்கிலி, தோளில் சம்பங்கி மாலையோடு அழுதபடி ஓடி வந்தான். பின்னால் இருபது பேர், ஆளுக்கொரு மாலை. அவர்களுக்கும் பின்னால் சங்கு ஊதுகிறவர்.

"ஏலே, நல்ல காரியத்துக்கு எழவு மாலையோடயா வருவே?" என்று சீறினார் ஒச்சாண்டி.

சங்கிலி அண்ணனைத் தொட்டுப் பார்த்தான். "நீங்க நல்லாத்தான் இருக்கீகளா? அப்ப செத்தது யாருண்ணே? உங்க மெசேஜ் வந்துச்சு. படிக்காமலே வீட்டுக்கு ஓடுனோம்; பூட்டிக் கெடந்துச்சு, பந்தலப் பாத்து இங்க ஓடியாந்தோம்."

"படிச்சா என்னடா?"

"எதுக்குண்ணே? உங்க போன்லருந்து எங்களுக்கு எழவுச் சேதியைத் தவிர வேற வந்ததே இல்லையே."

ஒச்சாண்டி போனைத் திறந்தார். 'விசேஷம்' குரூப்புக்குப் பதிலாக, அதற்கு அடுத்திருந்த 'கேதம்' குரூப்பை அமுக்கியிருந்தார். பாடை தூக்க மட்டும் கூப்பிடும் ஏழைச் சொந்தங்கள்.

"உக்காருங்கய்யா, சாப்பிடுங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

சங்கிலி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்:

"அண்ணே, இந்தப் போனு நல்லதுக்கும் கூப்பிடுமா?"